இருநூற்றேழு கைகள்

எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் ரேவதி அக்கா உடனே படிக்கமாட்டார். இடது கையில் வாங்கிக்கொண்டு, வலது கைக் கட்டைவிரலால் அதன் கீழ் வலது மூலையை ஒருமுறை தேய்ப்பார். பார்ப்பவர்களுக்கு ஏதோ தூசியைத் துடைப்பது போலிருக்கும். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அந்த மூலையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோவார். எண் இருக்கிறதா, தேதி இருக்கிறதா என்று பார்ப்பார். அதன் பிறகுதான் கண் தலைப்புக்குப் போகும். மருந்துச் சீட்டு, பள்ளிக்கூடச் சுற்றறிக்கை, மின்சார அறிவிப்பு எல்லாவற்றுக்கும் இதே சோதனைதான். என் தங்கையின் கல்யாணப் பத்திரிகையை நீட்டியபோது மூலையில் அச்சகத்தின் பெயர் மட்டும்தான் இருந்தது.

"தேதிய மாத்தி மறுபடி அடிச்சீங்களா, இல்ல இதுதான் மொதலா?"

மாற்றித்தான் அடித்திருந்தோம். பழைய பத்திரிகையில் நாலைந்து என் பையிலேயே கிடந்தன. வாங்கி, ஒவ்வொன்றின் மேலும் சிவப்புப் பேனாவால் குறுக்கே கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

ஓசூரிலிருந்து சூளகிரி போகும் வழியில், நெடுஞ்சாலையை விட்டு இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது எங்கள் ஆலை. வண்டிகளின் கியர் பெட்டிக்கு மேலுறை செய்கிறோம். ரேவதி அக்காவின் இடம் வரைபட அறை. வாடிக்கையாளர் ஒரு துளையைக் கால் மில்லிமீட்டர் மாற்றினால் வரைபடத்துக்குப் புதிய ரிவிஷன் எண் விழும். புதியதை ஒவ்வொரு மெஷினுக்கும் கொண்டுபோய் மாட்டிவிட்டு, பழையதைத் திரும்ப வாங்கி, 'பழையது' என்று சிவப்பு முத்திரை குத்தி, ஒரே ஒரு பிரதியை மட்டும் அலமாரியில் வைப்பது அவர் வேலை. ஒரு முறை யாரோ பழைய வரைபடம் ஒன்றை மெஷின் கதவுக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்து ஓட்டியதில் ஒரு ஷிப்டு உருப்படி முழுக்க குப்பைக்குப் போனது. அன்றிலிருந்து அவர் மெஷின் கதவுகளைத் திறந்தும் பார்க்கிறார்.

நான் அங்கே தரப் பரிசோதனையில் இருக்கிறேன். சங்கக் கூட்டங்களில் பேசமாட்டேன் என்பதால் குறிப்பு எழுதும் வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். கையெழுத்தும் பரவாயில்லை. பேசாதவன் எழுதும்போது மற்றவர்கள் பேசுவது நன்றாகக் கேட்கும்.

ரேவதி அக்கா சூளகிரிக்குப் பக்கத்துக் கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். பன்னிரண்டாவது முடித்து, இருபத்தொரு வயதில் இதே ஆலைக்குள் காண்ட்ராக்டில் பேக்கிங்குக்கு வந்தார். ஆறு வருஷம் பேக்கிங். 2007-ல் நிரந்தரம் ஆனார். டோக்கன் எண் 214. வீட்டில் தெலுங்கு, பேருந்தில் கன்னடம், வேலையில் தமிழ். மூன்றிலும் ஒரே சத்தத்தில்தான் பேசுவார்.

அரசமைப்புச் சட்டத்தை அவர் படிக்கத் தொடங்கியதற்கும் அந்த மூலைதான் காரணம். மகள் யுவஸ்ரீ பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, இதுவரை எத்தனை திருத்தங்கள் என்பதற்குப் பாடப்புத்தகத்தில் ஒரு எண்ணும் கைடில் வேறொரு எண்ணும் இருந்தன. எதை எழுதுவது என்று மகள் கேட்டாள். ஒரே பொருளுக்கு இரண்டு ரிவிஷன் எண் வீட்டுக்குள் கிடப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. அந்த வருஷம் ஓசூர் புத்தகக் கண்காட்சியில் பழைய புத்தகக் கடையொன்றில் சட்டத்தின் தமிழ்ப் பதிப்பை வாங்கிவிட்டார். தொண்ணூற்றெட்டாம் திருத்தம் வரைக்கும்தான் அதில் அச்சாகியிருந்தது.

அந்தப் புத்தகத்தை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். முன்பக்க வெற்றுத்தாளில் அளவுகோல் வைத்துக் கட்டம் போட்டிருந்தார். ரிவிஷன், தேதி, என்ன மாறியது. முதல் வரிசையில் '0'. ஏற்றது 26-11-1949, நடைமுறை 26-1-1950. அடுத்த வரி '1', 1951. பதினேழு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

"ப்ரொடக்ஷனுக்கு விட்டவொடனே மொத சேஞ்ச் வந்துருச்சு பாரு," என்றார். "அதுவும் நம்ம மெட்ராஸ் கேஸு ஒண்ணாலதான். படிப்புல எட ஒதுக்கீடு செல்லாதுன்னு கோர்ட்டு சொல்லிருச்சு. அப்ப சட்டத்துலயே எழுதிரலாம்னு எழுதிட்டாங்க. ரிவிஷன் வந்தா டிசைன் மோசம்னு அர்த்தம் இல்ல. ஓடுதுன்னு அர்த்தம்."

தொண்ணூற்றொன்பதிலிருந்து நூற்றாறு வரை அவரே சீட்டுகளில் எழுதி அந்தந்த இடத்தில் ஒட்டியிருந்தார். தொண்ணூற்றொன்பதுக்கு எதிரே, 'உச்ச நீதிமன்றம் தள்ளியது, 2015. எண் மட்டும் இருக்கும்.' புதிதாகச் சேர்த்த உறுப்புகளைப் பார்த்தால் அவருக்குச் சந்தோஷம் வந்துவிடும். இருபத்தொன்றுக்கும் இருபத்திரண்டுக்கும் நடுவில் ஒன்றைச் சேர்க்க வேண்டுமென்றால் 21-A என்று போட்டிருக்கிறார்கள். பழைய எண்ணைக் கலைக்கவில்லை. "நம்ம பார்ட் நம்பர் மாதிரியேதான்."

சங்கத் தலைவர் செல்வம் ஒருநாள் அந்தப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "என்னம்மா, வரைபடத்துக்கு அடிக்கிற மாதிரி கட்டுப்பாட்டு நகல்னு சீல் அடிக்கலையா?" என்று கிண்டல் செய்தார்.

"கம்பெனி சீலு கம்பெனி பேப்பருக்குத்தான் தலைவரே."

என் சாப்பாட்டுப் பையில் எப்போதும் ஒரு மெலிந்த கவிதைப் புத்தகம் இருக்கும். ரேவதி அக்கா ஒருநாள் அதை எடுத்து, எத்தனையாவது பதிப்பு என்று பார்த்துவிட்டு, நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்தார். இரண்டு வரிகள், பிறகு நீளமான வெற்றிடம், பிறகு ஒரு வரி.

"ஏன் தம்பி இவ்ளோ எடம் விட்டிருக்குது?"

அவர் தன் புத்தகத்தில் முப்பத்தோராம் உறுப்பைக் காட்டினார். எண் இருந்தது. எதிரே நீக்கப்பட்டது என்று மட்டும் இருந்தது.

"இங்கயும் விட்டிருக்காங்க பாரு. சொத்துரிமை இருந்த எடம். நாப்பத்திநாலாவது திருத்தத்துல எடுத்துட்டாங்க. எடுத்தது தெரியற மாதிரியேதான் எடுத்திருக்காங்க."

நூற்றாறில் எது பிடிக்கும் என்று கேட்டேன். நான் அவரிடம் கேட்ட சில கேள்விகளில் அது ஒன்று. பெண்களுக்கு இட ஒதுக்கீடு தரும் நூற்றாறையோ, பதினெட்டு வயதுக்கு ஓட்டுக் கொடுத்த அறுபத்தொன்றையோ சொல்வார் என்று நினைத்தேன். யோசிக்காமல், "நாப்பத்திநாலு" என்றார். "எழுவத்தாறுல நாப்பத்திரண்டாவது திருத்தம்னு ஒண்ணு பண்ணாங்க. எமர்ஜென்சி நேரம். கை நெறையா மாத்திட்டாங்க. ரெண்டே வருசத்துல அதுல பலத நாப்பத்திநாலாவதுல திருப்பி மாத்துனாங்க. தப்புன்னு தெரிஞ்சா திரும்பி வரணும். ஆனா எந்த வாசல் வழியா போனோமோ அதே வாசல் வழியாத்தான் வரணும். செவுரு ஏறிக் குதிக்கக்கூடாது."

அப்போது அது அவருடைய வழக்கமான பேச்சு என்றுதான் நினைத்தேன்.

2024 ஜூனில் ஆலையில் காண்ட்ராக்டர் மாறப்போவதாகத் தெரிந்தது. மாத முடிவோடு பழையவர் போகிறார், புதியவர் வருகிறார். புதியவர் தன் ஆட்களோடு வருவார் என்று பேச்சு. உள்ளே அறுபத்துமூன்று பேர் காண்ட்ராக்டில் இருந்தார்கள். அவர்களில் முத்துமணி அருப்புக்கோட்டைப் பக்கம். பிசிறு எடுக்கும் பிரிவில் ஒன்பது வருஷம். மத்திகிரியில் ஒற்றை அறை வீடு. குழந்தைக்குப் பள்ளிக்கூடம் அங்கேயே. முப்பதாம் தேதிக்குப் பிறகு அவருடைய கேட் பாஸ் செல்லாது. நிர்வாகத்திடம் சங்கம் பேசலாம்தான். ஆனால் சங்கம் தன் உறுப்பினர்களுக்காகத்தான் பேச முடியும். எங்கள் நான்காம் விதியோ, நிரந்தரத் தொழிலாளர் மட்டுமே உறுப்பினராகலாம் என்றது.

அந்த விதியை மாற்ற வேண்டும் என்று முதலில் சொன்னது ரேவதி அக்கா. செல்வமும் ஒத்துக்கொண்டார்.

வைகாசி முகூர்த்தங்களில் ஞாயிற்றுக்கிழமை மண்டபம் எதுவும் கிடைக்கவில்லை. ஜூன் ஆறாம் தேதி, வியாழக்கிழமை மத்தியானம், முதல் ஷிப்டு முடிந்ததும் மண்டபத்தில் கூட்டம் என்று ஏற்பாடு. இரண்டாம் ஷிப்டுக்காரர்கள் ஆலைக்குள் இருந்தார்கள். செல்வம் பதிவுக் கோப்பிலிருந்து சங்க விதிகளின் கடைசிப் பக்கத்தை மட்டும் நகலெடுத்து வந்திருந்தார். விதியை எப்படித் திருத்துவது என்பது அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. கூட்டத்துக்கு வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரித்தால் போதும்.

சிஎன்சி மெஷின் பிரிவு வெங்கட் எழுந்து எதிர்த்துப் பேசினார். "இன்னிக்கு அறுவத்திமூணு. நாளைக்கு அறுநூறா ஆவாங்க. அப்பறம் நம்ம சங்கத்துல நாமளே விருந்தாளி." கொஞ்சம் பேர் கை தட்டினார்கள். பிறகு கை தூக்கச் சொன்னார்கள். நான் வரிசை வரிசையாக நடந்து எண்ணினேன்.

"வந்திருக்கிறது இருநூத்தி நாப்பது பேரு," என்றார் செல்வம் மைக்கில். "ஆதரவு நூத்தி எழுவத்தெட்டு. எதிர்ப்பு அறுவத்திரண்டு. தீர்மானம் நிறைவேறிருச்சு."

வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்த முத்துமணி, கைதட்டல் கேட்டு மைசூர்பாகுப் பெட்டியோடு உள்ளே வந்துவிட்டார். முதல் துண்டை ரேவதி அக்காவிடம் நீட்டினார். அக்கா அதை வாங்கவில்லை. அவர் கண் செல்வத்தின் மேசை மேல் இருந்தது.

"தலைவரே, அந்தப் பேப்பர இப்படிக் குடுங்க."

கட்டைவிரல் மூலைக்குப் போனது. கண்ணாடி நெற்றிக்கு ஏறியது.

"இதுல திருத்த எண்ணே இல்லையே."

"எதுல?"

"இது தொண்ணூத்தாறுல பதிஞ்ச மொத காப்பி. ரெண்டாயிரத்தெட்டுல திருத்தம் ஆச்சு. நாலாவது விதி மாறுனப்பவே இந்தக் கடைசி விதியும் மாறிருச்சு." தன் பையிலிருந்து, 2008-ல் திருத்திய விதிகளின் நான்கு பக்கத் தொகுப்பை எடுத்து வாசித்தார். "வந்திருந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமலும், மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும். ரெண்டும் வேணும். மொத்தம் நானூத்திப் பன்னண்டு பேரு. இருநூத்தியேழு கை வேணும். நம்மகிட்ட நூத்தி எழுவத்தெட்டுதான் இருக்குது. நிறைவேறல."

வெங்கட் மெதுவாகச் சொன்னார். "எனக்கு வேல வைக்காம அக்காவே முடிச்சிட்டாங்க." அவர் பக்கம் சிரிப்பு எழுந்தது.

செல்வத்துக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் இந்த ஆலைக்கு வந்ததே 2010-ல்தான். 2008 கூட்டத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றுவிட்டார்கள், இல்லையென்றால் வேறு ஆலைக்குப் போய்விட்டார்கள். பழைய வரைபடத்தை வைத்து உருப்படி ஓட்டினால் என்ன ஆகும் என்று தினமும் பார்க்கிற நாங்கள், பழைய விதியை வைத்து ஓட்டெடுப்பு நடத்தியிருக்கிறோம் என்று நான் குறிப்பேட்டில் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். அது குறிப்பேட்டுக்கான வரி இல்லை.

வாசலில் முத்துமணி அக்காவை மறித்தார். மைசூர்பாகுப் பெட்டி இன்னும் கையில் இருந்தது.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டீக. நீங்கதானே எங்களுக்காக ஆரம்பிச்சீக. வாயத் தொறக்காம இருந்திருந்தா யாருக்குத் தெரியப்போகுது?"

"பதிவாளர் ஆபீஸ்ல தெரியும். அங்க ரெண்டாயிரத்தெட்டு காப்பி இருக்குது. அங்கருந்து திருப்பி அனுப்பறதுக்குள்ள உன் தேதி முடிஞ்சிரும். இல்லன்னா மேனேஜ்மென்ட் கோர்ட்டுக்குப் போகும், ஒரே நாள்ல செல்லாதுன்னு ஆயிரும். ரிஜெக்ட் ஆவற பீஸ்னு தெரிஞ்சே கஸ்டமருக்கு அனுப்பலாமா? நீ பிசிறு எடுக்கறவன்தானே, சொல்லு."

முத்துமணி பெட்டியின் மூடியை அழுத்தி மூடினார்.

"இன்னும் இருபத்திநாலு நாள் இருக்குது. கூட்டத்துக்கு நோட்டீஸ் பதினாலு நாள். பத்தும்." பெட்டியைத் திறந்து ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "மிச்சத்த மூடி வை. கெட்டுப்போவாது."

அடுத்த இரண்டரை வாரம் அவர் தன் வழக்கமான ஆலைப் பேருந்தில் வரவில்லை. ஒருநாள் சூளகிரி பேருந்து, ஒருநாள் மத்திகிரி, ஒருநாள் அத்திப்பள்ளியிலிருந்து மாநில எல்லையைத் தாண்டி வரும் பேருந்து என்று மாறி மாறி ஏறினார். மூன்று ஷிப்டுக்கும் போனார். எண்ணிக்கை குறிக்க என்னையும் சில நாள் ஏறச் சொன்னார். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து டோக்கன் எண்களைக் குறித்துக்கொண்டு வந்தேன்.

"எதுக்குக்கா ரெண்டு கணக்கு? வந்தவங்க ஓட்டுப் போட்டா பத்தாதா?" என்று கேட்டார்கள்.

"நாட்டுக்கே அப்படித்தான்," என்பார். "முந்நூத்தி அறுவத்தெட்டாவது உறுப்பு. லோக்சபாவுல தனியா, ராஜ்யசபாவுல தனியா பாஸ் ஆவணும். வந்து ஓட்டுப் போட்டவங்கள்ல மூணுல ரெண்டு. அதோட மொத்த மெம்பர்ல பாதிக்கு மேல. ஆளில்லாத நேரம் பார்த்து நாலு பேரு மாத்திரக்கூடாதுன்னுதான். சிலத மாத்தணும்னா அதுவும் பத்தாது. பாதி மாநிலங்க ஒத்துக்கணும். அப்பறம்தான் ஜனாதிபதி கையெழுத்து."

அத்திப்பள்ளிப் பேருந்தில் ஸ்ரீராம் என்றொருவர். வெல்டிங் பிரிவு. கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். "அப்ப எங்க அத்திப்பள்ளிய தமிழ்நாட்டோட சேக்கணும்னா எத்தன கை வேணும் அக்கா?"

"அதுக்கு இவ்ளோ கஷ்டம் இல்ல. மூணாவது உறுப்பு. மாநிலத்த ஒரு வார்த்த கேப்பாங்க, கேட்டபடி செய்யணும்னு இல்ல. பார்லிமென்ட்ல சாதாரண மெஜாரிட்டி போதும். அது திருத்தக் கணக்குலயே வராது."

"பாருங்கப்பா. மாநில எல்லைய மாத்தறது ஈசி. நம்ம முத்துமணிய கேட்டுக்குள்ள வைக்கறதுதான் கஷ்டம்."

பேருந்தே சிரித்தது. ஸ்ரீராமின் டோக்கன் எண்ணை நான் குறித்துக்கொண்டேன்.

வெங்கட்டும் ஒருநாள் அதே பேருந்தில் இருந்தார். அவர் சிரிக்கவில்லை. "அக்கா, கத வேணாம். அவங்க உள்ள வந்தா நம்ம ஓட்டுக்கு மதிப்பு இருக்குமா? அத மட்டும் சொல்லுங்க."

"எம்பத்தெட்டுல அறுவத்தொண்ணாவது திருத்தம் போட்டாங்க. அதுவரைக்கும் இருபத்தொரு வயசு ஆனாத்தான் ஓட்டு. பதினெட்டுன்னு மாத்துனாங்க. அன்னிக்கு உங்கப்பாவுக்கு ஓட்டு இருந்துச்சில்ல?"

"இருந்துச்சு."

"பதினெட்டு வயசுக்காரங்க வந்ததும் அந்த ஓட்டு செத்தா போச்சு?"

பின் இருக்கையில் ஒரு பெண் கேட்டாள். "மொதல்லருந்தே இவங்கள சேர்க்காமதான் சங்கம் ஆரம்பிச்சாங்களாக்கா?"

"இல்ல. மொதல்ல கேட்டுக்குள்ள வேல செய்யற எல்லாரும்தான். ரெண்டாயிரத்தெட்டுல தான் மூடுனாங்க."

"யாருக்கா அது, புண்ணியவான்?"

"பயந்தவங்க," என்றார் ரேவதி அக்கா. "பயத்துல கதவ மூடுனாங்க. சும்மா மூடுனாலும் பரவால்ல, யாரும் லேசுல தொறந்துரக்கூடாதுன்னு கடைசி விதியையும் மாத்திப் பூட்டுப் போட்டுட்டாங்க."

ஜூன் இருபத்துமூன்று, ஞாயிற்றுக்கிழமை காலை. ஆலைக்கு வார விடுமுறை. இந்த முறையும் ஞாயிற்றுக்கிழமைக்கு மண்டபம் கிடைக்கவில்லை. ரோஜாத் தோட்டம் வைத்திருக்கும் சின்னராஜ், பூக்களை அட்டைப்பெட்டியில் கட்டும் தன் கொட்டகையைத் திறந்துவிட்டார். வெளிநாட்டு ஆர்டர் குறைந்த மாதம் என்பதால் காலியாகக் கிடந்தது. தரையில் உட்கார்ந்தோம். குளிர்சாதன அறையின் வாசனை இன்னும் இருந்தது.

கை தூக்குவது வேண்டாம் என்றார் அக்கா. டோக்கன் எண் அச்சடித்த சீட்டைக் கொடுத்து, ஆதரவுக்கு ஒரு கூடை, எதிர்ப்புக்கு ஒரு கூடை. பூ அள்ளும் பிளாஸ்டிக் கூடைகள்தான். எண்ணும்போது பக்கத்தில் நிற்க வெங்கட்டைக் கூப்பிட்டார்.

"நான் எதிர்ப்புக்கா."

"அதனாலதான் கூப்பிடறேன்."

இருநூற்றுத் தொண்ணூறு சீட்டு. முதலில் ஆதரவுக் கூடையிலிருந்து வெங்கட் ஒவ்வொன்றாக எடுத்துப் படிக்க, நான் குறித்தேன். நூற்றைம்பது தாண்டியதும் பேச்சு குறைந்தது. இருநூறு தாண்டியதும் நின்றுபோனது. இருநூற்று ஏழாவது சீட்டைப் படித்துவிட்டு வெங்கட் ஒரு நொடி அக்காவைப் பார்த்தார். பிறகு தொடர்ந்தார். ஆதரவு இருநூற்றுப் பதினொன்று. எதிர்ப்பு எழுபத்தொன்பது.

"ரெண்டு கணக்கும் சரி," என்று மைக்கில் சொன்னது வெங்கட்தான். "செல்லும்."

மறுநாளே அறுபத்துமூன்று பேரும் படிவம் நிரப்பினார்கள். சங்கம் நிர்வாகத்திடம் இரண்டு நாள் உட்கார்ந்து பேசியது. இருப்பவர்களை அப்படியே எடுத்துக்கொண்டுதான் புதிய காண்ட்ராக்டர் தொடங்க வேண்டும் என்று முடிவானது. ஜூலை முதல் தேதி காலை முத்துமணி புதிய பாஸோடு அதே கேட்டில் நுழைந்தார். வேறொரு பெட்டி மைசூர்பாகு வந்தது. திருத்திய விதி ஆகஸ்டில் பதிவாளர் அலுவலக முத்திரையோடு திரும்பி வந்தது.

விதிப் புத்தகத்தைப் புதிதாக அச்சடிக்க வேண்டியிருந்தது. முதல் பக்கத்தில் திருத்தப் பட்டியல் போட வேண்டும் என்பது அக்காவின் கட்டளை. எந்தத் திருத்தம், என்று, யார் முன்மொழிந்தது. அதற்காகத் தன் அலமாரியிலிருந்த பழைய குறிப்பேடுகளை எல்லாம் ஒரு பையில் போட்டு என்னிடம் கொடுத்தார்.

"ஒண்ணு விடாம பாத்து எழுது தம்பி. பழசுன்னு எதையும் கிழிச்சுப் போட்டுராத."

என் அறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பட்டியலை எழுதினேன். 1996, பதிவு. 2024, இரண்டாம் திருத்தம், முன்மொழிந்தவர் ரேவதி. நடுவில் ஒரு வரி பாக்கி. 2008 குறிப்பேட்டைத் தேடி எடுத்து, செப்டம்பர் பதினான்காம் தேதிக் கூட்டத்தின் பக்கத்தைத் திறந்தேன். என் கட்டைவிரல் தானாகக் கீழ் வலது மூலைக்குப் போனது. அங்கே சிவப்புப் பேனாவால், புதிய மையில், 'பழையது. 23-6-2024' என்று எழுதியிருந்தது.

பிறகுதான் மேலே படித்தேன். நான்காம் விதியும் கடைசி விதியும் திருத்தப்படுகின்றன. காரணம்: காண்ட்ராக்ட் ஆட்களின் எண்ணிக்கை கூடிவருகிறது, அவர்கள் உள்ளே வந்தால் முடிவு நம் கையில் இருக்காது. முன்மொழிந்தவர்: ரேவதி, டோக்கன் எண் 214.